வாசனைக்கு ஒரு காரணம்

மே 14

பிள்ளை தூங்குகிறான். தூங்குகிறவனை எழுப்பிப் பால் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. யோசனை கொஞ்சம் நிற்கட்டும் என்று இதை எழுதுகிறேன். கல்லூரியில் தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தோடு விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தான். சுகப்பிரசவம். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்க வேண்டியது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அதனால் உடன்குடியில், அத்தான் வீட்டிலேயே. என்னைக் கட்டிய இசக்கிராஜா அத்தான் எனக்குச் சொந்த அத்தை மகன்தான். கோயில் கொடை விழாக்களுக்கு மைக்செட்டும் சீரியல் லைட்டும் போடுகிறவர். நாளை வைகாசி பிறக்கிறது, இனி கொடைக்காலம். வீட்டில் அதிகம் தங்கமாட்டார்.

எங்களைப் பார்த்துக்கொள்வது முப்பிடாதி மதினி. அத்தானின் அக்கா. மதினியை அவருடைய தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தாய்மாமன்தான் என் சித்தப்பா. பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. சித்தப்பா திருப்பூருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார், மதினி தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். இதற்குமேல் இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை.

மதினி எனக்கு மூன்று வேளையும் வெந்தயக் களி தருகிறார். ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையும் அரிசி மாவையும் கருப்பட்டிப் பாகில் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தட்டில் வைப்பார். நான் முகம் சுளித்தால், "வாய்க்குக் கசந்தாத்தாம்ட்டி பாலுக்கு இனிக்கும், தின்னு" என்பார். எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், தட்டு காலியாகும்வரை.

இதோ, அசைகிறான். எழுப்ப வேண்டியதில்லை.

மே 15

இன்று முதல் எண்ணெய்க் குளியல். மதினி முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் கிடத்திக்கொண்டார். மூக்கை நீவினார், தலையை உருட்டினார், நான் இன்னும் கிட்டே நகர்ந்தேன். "இப்பிடி மேல விழுந்து பாக்காத, பிள்ள மெரளும்" என்று என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

கடைசியில் துணி நுனியைத் திரித்துக் காதைத் துடைத்தார். துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே சற்று நேரம் இருந்தார். என்ன மதினி என்றேன். "ஒண்ணுமில்ல. வெந்தயம் மணக்கு. நீ தின்ன களி பிள்ளைக்கு எறங்கியிருக்கு" என்றார்.

நானும் முகர்ந்து பார்த்தேன். ஆமாம். வெந்தயம் மட்டுமில்லை, அடிப்பிடிக்கப் போகிற கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு இனிப்பும் இருந்தது. அத்தானிடம் சொன்னேன். "எம்மவன் களிக்கட்டியால்லா பெறந்திருக்கான்" என்று காதை முகர்ந்து முகர்ந்து சிரித்தார்.

மத்தியானக் களி நேற்றையதைவிடக் கறுப்பாக இருந்தது, கசப்பும் அதிகம். அரைக்கும்போது கை கூடிப்போயிற்று என்றார் மதினி.

மே 16

நன்றாகத் தூங்குகிறான். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, நீ கொடுத்துவைத்தவள், என் பிள்ளையெல்லாம் மூன்று மாதம் வீட்டையே விடியவிடிய உட்கார வைத்தது என்றார்.

பால் குடிக்கத் தொடங்குகிறான், உடனே அசந்துபோகிறான். உள்ளங்காலைச் சுரண்டினால் முகத்தைச் சுருக்கி மறுபடி நாலு வாய். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பிறந்த பிள்ளை தூங்கத்தான் செய்யும், நீங்கள் பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். பிரசவ அறையில் நான் கேட்ட கேள்விகளை எல்லாம் நினைவு வைத்திருப்பார்போல, குரலிலேயே சிரிப்பு இருந்தது.

அங்கிருந்து கிளம்பும்போது குதிகாலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், விருப்பமிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பச்சைப் பிள்ளையைக் குத்தவா என்று அத்தான் மறுத்துவிட்டார். எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது?

மூத்திரத் துணியிலும் அதே வாசனை. உலர்ந்த பிறகும் போகவில்லை.

மே 17

இன்று எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. மல்லாக்கக் கிடந்தவன் திடீரென்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதிக்க ஆரம்பித்தான், சைக்கிள் ஓட்டுகிறவன் மாதிரி. ஒரு கை முன்னால் நீண்டு விறைத்துக்கொண்டது. அத்தான் போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டார். "அப்பனுக்கு முந்தி கொடைக்குக் கெளம்பிட்டான்" என்று கீழே எழுதினார். சாத்தான்குளத்து மாமா, பிள்ளைக்கு லைசென்ஸ் எடுத்தாயிற்றா என்று கேட்டிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மைகள்.

திருப்பூர் சித்தப்பா மட்டும் ‘பால் குடிக்கிறானா?’ என்று கேட்டிருந்தார். அவர் அந்த குரூப்பில் எதுவும் எழுதி நான் பார்த்ததே இல்லை.

மதினியிடம் வீடியோவைக் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மே 18

அத்தான் திசையன்விளைப் பக்கம் கொடைக்குப் போயிருக்கிறார். வர மூன்று நாளாகும்.

எதிர்வீட்டு அக்கா பூ கொடுக்க வந்தவர், மதினி பின்கட்டில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, "பிள்ள தங்காதவ கையில எண்ணெ தேய்க்க விடலாமாட்டி? நீ படிச்சவ, ஒனக்கு நான் சொல்ல வேண்டாம்" என்றார். அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் பேசுகிறார்களே என்றுதான் இருந்தது.

மதியம் நானே குளிப்பாட்டினேன். எனக்கும் பழக வேண்டும் அல்லவா? மதினி தண்ணீர் விளாவிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஒன்று தோன்றியது. விலங்கியல் பரிசோதனைக் கூடத்தில் முதலில் சொல்லித்தருவது இதுதான்: காரணம் என்று நினைப்பதை எடுத்துவிட்டுப் பார். களியால்தான் வாசனை என்றால், களியை நிறுத்தினால் வாசனை போக வேண்டும். மதினி உள்ளே போன நேரம் பார்த்துச் சாயங்காலக் களியைப் பின்கட்டு முருங்கை மூட்டில், வேரை ஒட்டித் தள்ளி மண்ணை மூடினேன். ஒரு நாளைக்குப் போதும், தெரிந்துவிடும்.

மே 19

காலை, மதியம், சாயங்காலம், மூன்று வேளையும் களி சாப்பிடவில்லை. வாசனை குறைந்த மாதிரி இருக்கிறது.

மே 20

பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. அவன் வாயே வைக்கவில்லை. பிழிந்து எடுத்துச் சங்கில் ஊற்றிக் கொடுத்தேன். கடைவாயில் விட்டால் தானாக இறங்குகிறது. இரண்டு சங்கு முழுவதும் உள்ளே போனது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதிவைக்கிறேன். மறுபடி இரண்டு சங்கு.

அழுகை மாறியிருக்கிறது. பூனைக்குட்டி கத்துவது மாதிரி, மேலே மேலே போய் அறுந்துவிடுகிறது. தூக்கினால் முதுகை வில்லாக வளைக்கிறான். கீழே போட்டால் துணி மாதிரிக் கிடக்கிறான். உள்ளூர் கம்பவுண்டர் வந்து பார்த்து, வயிற்றில் காற்று என்று ஓமத் திரவம் கொடுத்துவிட்டுப் போனார்.

வாசனை குறைந்துதான் இருக்கிறது. என் சேலையிலும் தலையணையிலும் ஊறிப்போயிருக்கும், அது போக நாளாகும். சேலையை எல்லாம் துவைக்கப் போட்டேன்.

மே 22

மதுரை. இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு உள்ளே அவன். உள்ளே விடமாட்டார்கள்.

நேற்றுக் காலை முருங்கை மூட்டில் களியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மதினி. மண்ணைக் காலால் விலக்கினார். உள்ளே பழைய களி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. திட்டுவார் என்று நின்றேன்.

"எத்தன நாளாத் திங்கல?" என்றார்.

மூன்று நாளாக என்றேன்.

"அப்பம் வாசன?"

நான் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி ஆவுட, வாசன போயிட்டா, இருக்கா?"

"இருக்கு மதினி. கூடத்தான் இருக்கு."

மதினி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். "ராசாவுக்குப் போனப் போடு. வண்டியப் பிடி" என்றார். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டேன். "பெரிய ஊருக்கு" என்றார்.

திருநெல்வேலியில் பார்த்துவிட்டு, ரத்தத்தில் கிருமி என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். வழியில் இரண்டு முறை மூச்சு நின்றது. ஆம்புலன்ஸில் இருந்த பையன் பிள்ளையின் மூக்கில் ரப்பர்ப் பையை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தான். அத்தான் கொடைக்குப் போட்ட சட்டையோடு நேராக இங்கே வந்து சேர்ந்தார். தோளில் இன்னும் சந்தனம்.

இன்று காலை ஹசீனா என்ற டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கிருமிக்கான மருந்துக்குப் பிள்ளை அசைந்துகொடுக்கவில்லை என்றார். உங்கள் இரண்டு குடும்பத்திலும் பிறந்து சில நாளில் தவறிய குழந்தை உண்டா என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் அத்தான், யோசிக்காமலே.

அவர் பொய் சொல்லவில்லை. பேர் வைக்குமுன் போன பிள்ளையை எங்கள் வீடுகளில் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குக் காரியம் கிடையாது, திதி கிடையாது, வாயால் சொல்வதும் கிடையாது. அத்தானுக்கு அப்போது ஏழெட்டு வயதுதான் இருந்திருக்கும். எனக்குத் தெரியும். நான் டாக்டரின் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவருகில் நின்ற மதினிதான் பேசினார்.

"ரெண்டு உண்டும்மா. ரெண்டும் ஆம்பளப் பிள்ளய. எனக்குப் பெறந்தது. இப்பிடித்தான், மொதல்ல பால் குடிக்கல. பொறவு காலச் சைக்கிள் மிதிக்காப்ல மிதிச்சிது. பொறவு அழவும் இல்ல." தன் காதைத் தொட்டுக் காட்டினார். "காதுக்குள்ள இதே வாசனதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழுந்து உள்ளே போய், பிள்ளையின் குல்லாவை விலக்கிக் காதருகே குனிந்து முகர்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மே 23

சிறுநீரில் ஒரு மருந்தை விட்டதும் மஞ்சளாகத் திரிந்துவிட்டதாம், கெட்ட பால் மாதிரி. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது என்று வயிற்றில் குழாய் போட்டு ரத்தத்தில் தேங்கியதைக் கழுவி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

டாக்டர் ஹசீனா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பாலில் இருக்கிற புரதம் வயிற்றில் துண்டு துண்டாக உடையும். அந்தத் துண்டுகளைக் கொண்டுதான் உடல் தசை கட்டும், மூளை கட்டும். மிஞ்சியதை மேலும் உடைத்து வெளியே தள்ளிவிடும். இவன் உடலுக்கு மூன்று துண்டுகளை மட்டும் மேற்கொண்டு உடைக்கத் தெரியவில்லை. அவை ரத்தத்தில் தேங்கி மூளைக்கு ஏறுகின்றன. அந்தத் தேக்கத்தின் வாசனைதான் வெந்தயம் மாதிரி, பாகு மாதிரி மணக்கிறது.

பெயர்களைச் சொன்னார். லூசின், ஐசோலூசின், வாலின். அவர் சொல்லி முடிக்குமுன் என் வாய் முடித்துவிட்டது. அத்தியாவசிய அமினோ அமிலங்கள். உடல் தானாகச் செய்துகொள்ள முடியாதவை, உணவிலிருந்தே வர வேண்டியவை. ஒரு மதிப்பெண் கேள்வி, எல்லா வருடமும் வரும். எந்தெந்த உணவில் கிடைக்கும் என்றுதான் படித்தேன். வெளியேற வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பாடத்தில் இல்லை.

அப்படியானால் அவன் பால் குடிக்காமல் இருந்ததே நல்லதா என்று கேட்டேன். இல்லை என்றார். பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே உடைத்துத் தின்னும்; அதிலிருந்தும் அதே மூன்றுதான் வரும். குடித்தாலும் ஏறும், குடிக்காவிட்டாலும் ஏறும். சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றி, தின்னாதே, பசியில்லை என்று உடலை ஏமாற்றிவைக்கிறார்கள்.

சங்கில் கொடுத்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மே 24

பால் வந்துகொண்டே இருக்கிறது. கொட்டச் சொல்லிவிட்டார் டாக்டர். கழுவுதொட்டியில் பிழிந்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். பக்கத்தில் முகம் கழுவிய ஒரு அம்மா, பெற்றவர்கள் எத்தனை பேர் பாலில்லாமல் தவிக்கிறார்கள், இப்படிக் கொட்டலாமா என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் மதினி வந்து பெஞ்சில், எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். முருங்கை மூட்டுக்குப் பிறகு இருவரும் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"மொத எண்ணெ தேச்சு காதத் தொடைச்சேம்லா, அப்பமே தெரிஞ்சிட்டு எனக்கு. தெரியக்கூடாதுன்னு நெனச்சேன். அதுக்காவத்தான் களியில வெந்தயத்தக் கூட்டிப் போட்டேன். நீ தின்னா மணக்கத்தான செய்யும்? மணந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்லாட்டி. அந்தக் காரணத்த நாந்தான் தெனமும் கிண்டிக் கிண்டி வச்சேன்."

நான் நனைந்த சேலை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"எனக்குப் பெறந்தப்பவும் களிதான்னு சொன்னாவ. ரெண்டு தடவையும். நானும் தின்னுட்டுத்தான இருந்தேன். நீ திங்காம இருந்துபாத்திருக்க. எனக்கு அது தோணல."

திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. பிறந்த மூன்று நான்கு நாளிலேயே இங்கே வந்திருந்தால் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. ஓடட்டும் என்று விட்டால் அது மே பதினைந்தில் நிற்காமல் பத்தொன்பது, இருபது என்று என் பக்கம் வந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் இரண்டு டீ வாங்கி வந்தேன். இந்தக் குறிப்பின் முந்தைய பக்கங்களை நான் புரட்டிப் பார்க்கவில்லை.

மே 25

கண் திறக்கவில்லை.

மே 26

படுக்கையில் தொங்கும் அட்டையில் என் பேர்தான் இருக்கிறது: ஆவுடைச்செல்வியின் குழந்தை. அதைப் பார்த்துவிட்டு மதினி அத்தானிடம், "இன்னைக்கே பேரு வச்சிரு" என்றார். நாற்பத்தியோராம் நாள்தானே வைப்பது என்றார் அத்தான். "வேண்டாம்ல. பேரு வச்சிட்டா கணக்குல வந்துருவாம்லா" என்றார் மதினி.

பேர் வைப்பது அத்தையின் உரிமை. டாக்டர் ஹசீனா ஒருவரை மட்டும் உள்ளே விட்டார். மதினி பச்சை அங்கியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அவன் காதருகே குனிந்து மூன்று தடவை சொன்னார். நயினார். கவசம் போட்டிருந்தாலும் அந்த வாசனை அவருக்குத் தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பவில்லை.

வெளியே வந்து அங்கியைக் கழற்றிக்கொண்டே, "அதுகளுக்கும் சொல்லித்தாம்ட்டி அனுப்பினேன், யாருக்கும் தெரியாம" என்றார். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 28

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அதேதான்.

அந்த மூன்றும் இல்லாத பால்பவுடர் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாளாகும். டாக்டர் யார் யாரிடமோ பேசி, சேலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு டின் வந்து சேர்ந்தது. உடைத்துப் பாதி எடுத்த டின். உள்ளே கரண்டியும் இருந்தது. இவ்வளவையும் நமக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன். "அவங்களுக்கு இனி தேவைப்படாது" என்றார் டாக்டர். கரண்டியின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. யாரோ ஒரு அம்மா அடையாளத்துக்குச் சுற்றியது. அதை அவிழ்க்கவில்லை.

அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார், இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று. இரண்டு பேரிடமும் குறையுள்ள மரபணு ஒவ்வொன்று இருந்தால்தான் வரும் என்று டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். கோடுகள் மேலே போய் ஒரே வீட்டில் முடிந்தன. என் அப்பாவும் அத்தானின் அம்மாவும் பிறந்த வீடு. மதினியைக் கட்டிய சித்தப்பாவும் பிறந்த வீடு. சண்டை போடக்கூட எங்களுக்கு இரண்டு பக்கம் இல்லை. அத்தான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ராத்திரி குரூப்பில் திருப்பூர் சித்தப்பா கேட்டிருந்தார், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூன்றும் நன்றாக இருக்கின்றன. ‘மதினியிடம் கேளுங்கள்’ என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

ஜூன் 2

வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். கண் திறந்திருக்கிறான். விளக்கைப் பார்க்கிறானா, விளக்கு இருக்கும் பக்கம் கண் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்று டாக்டர் என் பாலைக் கேட்டார். எனக்குக் கோபமே வந்தது. இத்தனை நாள் கொட்டச் சொன்னது எதற்கு? அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த மூன்றும் கூடினாலும் ஆகாது, அறவே இல்லாவிட்டாலும் ஆகாது. அவை இல்லாமல் உடல் எதையும் கட்ட முடியாது. தோல் உரியும், சதை கரையும், மறுபடி தன்னையே தின்னத் தொடங்கும். அதனால் பவுடர்பாலோடு கொஞ்சம், அளந்து, தாய்ப்பால்.

ஊசிக்குழலில் எடுத்தார்கள். என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. மூக்குக் குழாய் வழியாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பயந்துகொண்டு எந்தத் தாயும் பால் கொடுத்திருக்கமாட்டாள். மிச்சத்தை வழக்கம்போலக் கழுவுதொட்டியில் விட்டேன்.

ஜூன் 12

தானாக உறிஞ்சத் தொடங்கியிருக்கிறான். புட்டியில். மெதுவாகத்தான். அத்தான் நேற்றுக் கொடைக்குப் போய்விட்டு இன்றே திரும்பி வந்துவிட்டார்.

டாக்டரிடம் நேராகவே கேட்டேன். மூளை? அவரும் நேராகத்தான் சொன்னார். ஸ்கேன் படத்தில் வீக்கம் தெரிகிறது, கொஞ்சம் வற்றும். மிச்சம் என்ன என்பதை அவன்தான் வளர வளரச் சொல்ல வேண்டும். தலை நிற்க வேண்டிய காலத்தில் நிற்கிறதா, சிரிக்க வேண்டிய காலத்தில் சிரிக்கிறானா என்று பாருங்கள் என்றார். சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். "அதை இனிமேல் கேக்காதீங்க ஆவுடைச்செல்வி. எனக்கும் பதில் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றார்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு சளி, ஒரு காய்ச்சல், ஒரு வேளைப் பட்டினி போதுமாம், மறுபடி ஏற. அதற்கு முதல் அடையாளம் சில நேரம் அந்த வாசனையாகத்தான் இருக்கும். வாசனை வந்தால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். ‘யோசிக்காமல்’ என்பதை இரண்டு தடவை சொன்னார். மதினியையும் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 19

வீடு.

வாசல் கடக்குமுன் மதினி எங்களை நிறுத்திவிட்டார். ஆரத்திக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார், காலையிலிருந்து அடுக்களையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். அஞ்சறைப் பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. வெந்தய டப்பா, களிக்கு அரைத்த மாவு, கருப்பட்டிச் சிப்பம், வெந்தயம் வறுத்துப் போட்ட மாங்காய் ஊறுகாய் ஜாடி, சாம்பார்ப்பொடி, எல்லாம் வெளியே சாக்கில் கிடந்தன. உரலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவியிருந்தார். என் பழைய சேலைகளும் தலையணையும்கூடச் சாக்கில்.

ஊறுகாயையாவது விடக்கூடாதா அக்கா என்று அத்தான் கேட்டார். போன சித்திரையில் மதினியே போட்டது.

"ஒரு வெந்தய மணி கூட இருக்கக்கூடாது" என்றார் மதினி. "இனிமே இந்த வீட்ல அது மணந்தா, பிள்ளையிட்டத்தான் மணக்கணும். வேற எதையும் சொல்ல நமக்கு வாய் இருக்கப்படாது."

எதிர்வீட்டு அக்கா பிள்ளையைப் பார்க்க வந்து, சாக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளையை மதினி கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று வெந்தயம் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கில் போட்டேன்.

ஜூன் 20

வெந்தயம் போடாமல் ஆட்டிய மாவில் தோசை வெளுத்துத்தான் வந்தது. அத்தான் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

முற்றத்தில் மதினி காலை நீட்டி உட்கார்ந்தார். நான் நயினாரை அவர் கால்மேல் கிடத்தினேன். தலை இன்னும் நிற்கவில்லை. ஒரு கையால் தாங்கிக்கொண்டே எண்ணெய் தேய்த்தார். மூக்கை நீவவில்லை. கடைசியில் துணி நுனியைத் திரித்துக் காதைத் துடைத்தார். முகராமல் என்னிடம் நீட்டினார்.

நான் முகர்ந்து பார்த்தேன். அவரிடம் கொடுத்தேன். அவரும் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம்.

எண்ணெய் வாசனை. பிள்ளை வாசனை. இன்றைக்கு அவ்வளவுதான்.